பதினைந்து வீசை மூட்டையோடு தன்பியூசயாத் வரை: பின்சக்கரம் தாங்க என்ன செய்வது?

பீலிக்கான் பேரன், ரங்கூன்:

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளி கழிந்து மழை ஓய்ந்ததும் ரங்கூனிலிருந்து பெகு, சைட்டோ, தட்டோன், மோல்மேன் வழியாகத் தன்பியூசயாத் வரை சைக்கிளில் போகலாம் என்று இருக்கிறேன். மோல்மேனுக்கே முந்நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், அதற்கு அப்புறம் இன்னும் நாற்பது மைல். ஏன் அங்கே என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். அண்ணன் மலாயாவுக்கும் தம்பி பர்மாவுக்குமாகக் கப்பல் ஏறிய குடும்பம் எங்களுடையது. தம்பி என் கொள்ளுத்தாத்தா. அண்ணனை யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போடக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, பர்மா பக்கம் முடிகிற இடம் தன்பியூசயாத். பஸ்ஸில் போய் இறங்கி வர மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் சைக்கிள் ஜப்பானிலிருந்து வந்த பழைய இரும்பு மலைச்சைக்கிள், 26 அங்குலம், பின்னால் 7 பல்சக்கரம் சேர்ந்த ஃப்ரீவீல், ரிம்மைப் பிடிக்கிற வி பிரேக். போன வருஷம் சக்கரம் கோணிப்போனதால் ஒரு கடையில் புதிதாகப் பின்சக்கரம் ஒன்றை ரெடிமேடாக வாங்கி மாட்டினேன் (கடைப் பெயர் வேண்டாம், பாவம், அவர்களும் பெட்டியில் வந்ததை எடுத்துக் கொடுத்தார்கள்). மூட்டை இல்லாமல் ஒரு குறையும் சொல்ல முடியாது. போன மாதம் ஒத்திகை பார்க்கலாமென்று கேரியரின் இரண்டு பக்கமும் பை கட்டி, மேலே கூடாரம், அடுப்பு, தண்ணீர் என்று பதினைந்து வீசை, அதாவது 24 கிலோவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு பெகுவுக்குக் கிளம்பினேன். லேகு தாண்டி டிங் என்று ஒரு சத்தம். கல் தெறித்தது என்று நினைத்தேன். அரை மைல் போவதற்குள் ரிம் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தது, பார்த்தால் ஒரு போக்ஸ் கம்பி தொங்குகிறது. பிரேக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக மிதித்தேன், இன்னொரு டிங். பெகுவில் நுழைகிற இடத்தில் மூன்றாவது. மூன்றும் சங்கிலிப் பக்கம், மூன்றும் ஹப்பில் வளைந்து நுழைகிற கழுத்தில் முறிந்தவை. ஃப்ரீவீலைக் கழற்ற சாவி இல்லாமல், கடைசியில் லாரியில் போட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போது மூன்று யோசனை. ஒன்று, இதே சக்கரத்தில் எல்லாக் கம்பியையும் 13 கேஜ் தடிமனாக மாற்றிவிடுவது. இரண்டு, ஒரு நண்பர் விற்கிற 29 அங்குல சைக்கிளை வாங்குவது, டிஸ்க் பிரேக், கறுப்பு ரிம், 32 கம்பி, பார்க்க ஜம்மென்று இருக்கிறது. மூன்று, யாராவது கைதேர்ந்தவரிடம் கொடுத்துப் புதிதாகக் கட்டுவது. என் எடை 75 கிலோ. பணம் கையைக் கடிக்கும், ஆனால் மறுபடி லாரியில் ஏற மாட்டேன். சொல்லுங்கள்.


எட்டுத்திசை, மாந்தளை:

29 வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். பெரிய சக்கரம் குழியில் இறங்காது, உருண்டு போய்விடும். 26 எல்லாம் போன தலைமுறை, புதிதாக யாரும் நல்ல சாமான் செய்வதில்லை. 13 கேஜ் கம்பி போட்டால் வாழ்நாள் முழுக்க முறியாது, அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.


சைக்கா வாத்தியார், பெகு:

தம்பி, பெகு வரைக்கும் வந்துவிட்டு லாரி ஏறியதுதான் எனக்கு வருத்தம், கடை மார்க்கெட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நான் சைக்கா சக்கரம் கட்டியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். பக்கத்தில் இரண்டு ஆள் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, காலடியில் ஒரு மூட்டை வெங்காயமும் வைத்துக்கொண்டு போகிற வண்டி. அதன் சக்கரம் தாங்குகிறது, உன்னுடையது தாங்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கம்பி எடையால் முறிவதில்லை. நல்ல 14 கேஜ், அதாவது 2 மில்லிமீட்டர் கம்பி ஒன்றில் உன்னையும் உன் மூட்டையையும் சேர்த்துத் தொங்கவிட்டாலும் அறுந்துவிடாது. அது முறிவது தளர்வால். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப் பக்கம் வருகிற நேரத்தில் கொஞ்சம் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகும். 26 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 480 சுற்று சுற்றும். ரங்கூனிலிருந்து எங்கள் ஊர் 80 கிலோமீட்டர், கணக்குப் போட்டுப் பார், 38,000 தடவைக்கு மேல். முதலிலேயே நன்றாக இறுகிய கம்பிக்கு இது ஒன்றுமே இல்லை, இறுக்கத்தில் கொஞ்சம் குறைந்து கூடும், அவ்வளவுதான். தொளதொள என்று இருக்கிற கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து கழுத்தில் அசையும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி முறிப்போமே, அதேதான். பெட்டியில் வருகிற சக்கரங்களில் பெரும்பாலானவை மெஷின் கட்டியவை. கோட்டம் இல்லாமல் நேராக இருக்கும், ஆனால் இறுக்கம் பாதிதான் இருக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து இறுக்கிக் கொடுத்திருந்தால் அதே சக்கரம் உனக்கு உழைத்திருக்கும்.

வீட்டில் இருக்கிற முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் நகத்தால் சுண்டிப் பார். நன்றாகக் கட்டியது வீணைக் கம்பி மாதிரி சுருதியாக ஒலிக்கும், ஒரு பக்கத்துக் கம்பி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதி. உன்னுடையது ஒன்று டிங், ஒன்று டொங், ஒன்று சத்தமே இல்லாமல் கிடக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

சங்கிலிப் பக்கம் மட்டும் ஏன் என்றால், பின்சக்கரத்தில் பல்சக்கரத்துக்கு இடம் விடுவதற்காக ரிம்மை வலப்பக்கம் தள்ளிக் கட்டுகிறோம். வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்கும், அவற்றுக்கு இழுவை அதிகம், இடப்பக்கத்துக்கு அதில் பாதியோ கொஞ்சம் கூடவோதான். மிதிக்கிற வேகமும் அந்தப் பக்கமே வந்து விழும். அப்புறம் ஒன்று பார்: முறிந்த கம்பிகளின் கழுத்தருகே கீறல் இருக்கிறதா? கியர் சரியாக வைக்காமல் சங்கிலி ஒருதடவை பல்லுக்கும் கம்பிக்கும் நடுவே விழுந்திருந்தால், அந்தக் கீறலில் இருந்துதான் முறிவு தொடங்கும். அப்படியானால் கியரைச் சரிசெய்யாமல் எந்தச் சக்கரம் போட்டும் புண்ணியம் இல்லை.

13 கேஜ் விஷயம். முழுக்க 13 என்றால் 2.3 மில்லிமீட்டர். கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்குகிற திருகு, அதாவது நிப்பிளும் அதற்கேற்றது வேண்டும், உன் ரிம்மின் ஓட்டைக்கு அது நுழையாது. நுழைந்தாலும் தடித்த கம்பிக்கு இழுபடும் தன்மை கிடையாது, குலுக்கலை எல்லாம் கழுத்துக்கும் ரிம் ஓட்டைக்குமே அனுப்பும். நடுவில் மெலிந்த கம்பி, இரண்டு முனையும் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8, அதுதான் அதிக நாள் வரும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மெலிந்த இடம் ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கிறது, அதனால் கழுத்து பிழைக்கிறது. சங்கிலிப் பக்கம் மட்டும் கழுத்தில் 2.3, மற்ற இடத்தில் 2 என்று வருகிற கம்பி கிடைத்தால் போடு, அதற்குச் சாதாரண நிப்பிளே போதும்.


எட்டுத்திசை:

வாத்தியார் ஐயா, மெலிந்த கம்பி பலம் என்பது எனக்குப் புதிது. சரி, ஒப்புக்கொள்கிறேன். 29 பற்றி நான் சொன்னதற்கு என்ன சொல்கிறீர்கள்?


உப்புக்காற்று, மோல்மேன்:

அதற்கு நான் சொல்கிறேன். நானும் வீட்டுக்காரரும் இங்கிருந்து யே, அங்கிருந்து தவோய் வரை ஒருமுறை போய் வந்தோம், மூட்டை எங்களுக்கும் உங்கள் அளவுதான் இருந்தது.

29 உருண்டு போகும், உண்மை. ஆனால் அதே கம்பி எண்ணிக்கை, அதே ஹப் என்றால் சின்ன ரிம்தான் உறுதி. கம்பி குட்டை, ரிம்மின் வளைவு இறுக்கம், பக்கவாட்டில் அவ்வளவு சுலபமாகக் கோணாது. 32 கம்பி 29-ஐ விட 36 கம்பி 26-ஐத்தான் நான் மூட்டைக்கு நம்புவேன். நல்லபடி கட்டிய 29-ல் உலகம் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டயர் நடுரோட்டில் கிழிந்தால் என்ன செய்வீர்கள்? 26 என்றால் இந்தப் பாதையில் எந்தச் சந்தையிலும் ஏதோ ஒன்று தொங்கும். 29 என்றால் ரங்கூனுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஆனால் தம்பி, 26 என்று சொன்னால் போதும் என்று நினைத்து நான் பட்ட பாடு இருக்கிறதே. யே பக்கத்தில் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. கடையில் 26 கேட்டேன், பையன் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தான். ரிம்மில் வைத்தால் சுற்றிலும் விரல் நுழைகிற இடைவெளி. அவன் டியூபை ஊதி ஊதிப் பார்க்கிறான், டயர் கழன்று விழுகிறது. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் வந்து டயரின் ஓரத்தைத் துடைத்து எண்ணைக் காட்டினார். அது ஜப்பான் கூடை சைக்கிளின் டயர், 26 ஒன்றே மூன்று எட்டு, அதன் விட்டம் 590. மலைச்சைக்கிளின் 26 என்பது 559. இரண்டுக்கும் நடுவே 31 மில்லிமீட்டர். இங்கே ஜப்பான் பழைய சைக்கிள்கள் நிறைய ஓடுவதால் கடையில் இந்த 590-தான் முதலில் கைக்கு வரும். அந்தக் காலத்து 28 அங்குலக் கறுப்புச் சைக்கிளுக்கு 635, இப்போதைய 29-க்கும் 700-க்கும் ஒரே 622. கடையில் அங்குலத்தைச் சொல்லாதீர்கள், 559 என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். டயரின் பக்கத்தில் 50-559 என்று பொறித்திருக்கும், முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது சிறுவர் மலைச்சைக்கிளின் முரட்டுப் பல் டயர், மோல்மேன் வரை உர்ர் என்று கத்திக்கொண்டே வந்தது.

டயர் விஷயம் பேசும்போதே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தைப் பற்றி இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள், டயர் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1.5 அங்குல டயரைக் கல்லாக ஊதிவிட்டு ஓட்டினால் ஒவ்வொரு குழியும் நேராக ரிம்முக்குப் போகும். 2 அங்குலம் போடுங்கள், கட்டைவிரலால் அழுத்தினால் சற்று உள்ளே போகிற மாதிரி காற்று வையுங்கள். நம் ரோடு தெரியும்தானே, தார் டிரம்மைக் காய்ச்சிக் கையால் ஜல்லி பரப்புகிற ரோடு, போட்ட புதிதில்தான் ரொம்பக் குத்தும். நான் ஷ்வால்பே மாரத்தான் போட்டிருந்தேன், தெரிந்தவர் பாங்காக்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். அது கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அகலம்தான் முக்கியம்.

மூட்டை எல்லாவற்றையும் பின்னால் கட்டினீர்களா? அங்கேதான் பாதித் தப்பு. முன்சக்கரத்துக்கு ரிம் நடுவில் உட்காரும், இரண்டு பக்கமும் கம்பி சமமாக இழுக்கும், இயல்பிலேயே அதுதான் உறுதியான சக்கரம். அதைச் சும்மா ஓடவிட்டு, கோணலாக நிற்கிற பின்சக்கரத்தின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். அரிசி, தண்ணீர், அடுப்பு எல்லாவற்றையும் முன் கவைக்குத் தாழ்வாகக் கட்டுங்கள்.


பீலிக்கான் பேரன்:

வாத்தியார் ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் கும்பிடு. நேற்று ராத்திரி சக்கரத்தைக் கழற்றிச் சுண்டிப் பார்த்தேன். ஐயா பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். இடப்பக்கத்தில் நான்கு கம்பியை இரண்டு விரலால் அழுத்தினால் வளைகிறது, நிப்பிளைக் கையாலேயே திருப்ப முடிகிறது. கீறல் இல்லை.

29 யோசனையை விட்டுவிட்டேன். இந்த சைக்கிளுக்கே புதிதாகக் கட்டுகிறேன். என்ன ஹப், என்ன ரிம் வாங்கட்டும்? இருக்கிற ஃப்ரீவீல் ஹப்பையே வைத்துக்கொள்ளலாமா? ஆக்சில் போன வருஷம் ஒருமுறை வளைந்து மாற்றினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.


சைக்கா வாத்தியார்:

ஆக்சில் வளைந்தது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஃப்ரீவீலை மரை திருகி மாட்டுகிற ஹப்பில், வலப்பக்கக் குண்டுகள் பல்சக்கரத்துக்கு உள்ளே, நடுவை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து கவை வரைக்கும் ஆக்சிலுக்குத் தாங்கல் கிடையாது. பல் கூடக் கூட அந்த நீளமும் கூடும். ஐந்து பல் இருந்த காலத்தில் பரவாயில்லை, ஏழு பல்லுக்கு மேல் மூட்டையும் ஏற்றினால் வளையும், சிலசமயம் முறியும். பல்சக்கரங்களைச் செருகிப் பூட்டுகிற கேசட் ஹப்பில் அந்தக் குண்டுகளைக் கவைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அதை வாங்கு. ஷிமானோ டியோர் போதும், 36 ஓட்டை. கோனும் குண்டும் உள்ள ஹப், எந்த ஊரிலும் திறந்து கிரீஸ் வைக்கலாம். வாங்குவதற்கு முன்னால் சைக்கிளின் பின்கவை அகலத்தை அளந்துகொள், 135 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 130 இருந்தால் இரும்புச் சட்டம்தானே, கொண்டுவா, விரித்துக் கொடுக்கலாம். அலுமினியமாக இருந்தால் தொட மாட்டேன்.

ரிம் இரட்டைச் சுவர் உள்ளது, 36 ஓட்டை, முடிந்தால் ஓட்டைக்குக் கண் வைத்தது. எடையைப் பார்க்காதே. ரைடு ஆண்ட்ரா, சன் ரைனோ லைட் மாதிரி முரட்டு ரிம்கள் சுற்றுப்பயணக்காரர்களுக்காகவே வருபவை, கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு, கிடைக்காவிட்டால் சந்தையில் கிடைக்கிற கனமான இரட்டைச் சுவரே போதும், கட்டுவதில்தான் இருக்கிறது. உனக்கு வி பிரேக் என்பதால் இன்னொன்று: பிரேக் கட்டை ரிம்மின் பக்கச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், மழைச் சேற்றில் உப்புத்தாள் மாதிரி. விரலால் தடவினால் சுவர் உள்ளே குழிந்திருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்தது. காற்றின் அழுத்தத்தில் ஒருநாள் சுவர் பிளந்து வெடிக்கும்.

கம்பி துருப்பிடிக்காத எஃகு, நிப்பிள் பித்தளை. அலுமினிய நிப்பிள் அழகுக்கு நிறம் நிறமாக வரும், வாங்காதே.


உப்புக்காற்று:

நிப்பிளுக்கு நான் சாட்சி. மோல்மேனில் வருஷத்துக்கு 4,800 மில்லிமீட்டரை ஒட்டி மழை, மிச்ச நாளில் கடல் காற்று. என் பழைய சக்கரத்தில் அலுமினிய நிப்பிள் வெள்ளைப் பொடியாகப் பூத்துப்போய், சாவி போட்டுத் திருப்பினால் தலை உருண்டது, கம்பி அசையவில்லை.


கணக்கன், சிங்கப்பூர்:

குறுக்கே ஒரு வார்த்தை. 75 கிலோ ஆள், 24.5 கிலோ மூட்டை, சைக்கிள் 16 என்று வைத்தால் மொத்தம் 115-ஐத் தாண்டுகிறது. எல்லாம் பின்னால் என்றால் 80 கிலோ பின்சக்கரத்தில். அக்கா சொல்கிறபடி 8 கிலோவை முன்னால் மாற்றினாலே பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காசு செலவில்லாத பலம். அப்புறம், வீசைக் கணக்கு இன்னும் அங்கே ஓடுகிறது என்று படிக்க மகிழ்ச்சி. ஊரில் எங்கள் பாட்டியோடு போய்விட்ட சொல்.


சைக்கா வாத்தியார்:

இங்கே வெங்காயத்தை வேறு எதில் நிறுப்பார்கள்!


பீலிக்கான் பேரன்:

ஹப் வந்துவிட்டது, ரிம் சந்தையில் கிடைத்தது, கம்பிதான் தேடிக்கொண்டிருக்கிறேன். ஐயா, ஞாயிற்றுக்கிழமை பெகு வருகிறேன், பஸ்ஸில்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா?


சைக்கா வாத்தியார்:

வா. கம்பியை நீயாக வாங்காதே, ரிம்மையும் ஹப்பையும் அளந்துதான் நீளம் தெரியும், வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே நீளம் வராது.


பீலிக்கான் பேரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, யாருக்காவது பயன்படும்.

ஐயாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, மகன் கம்பி கோத்தார், ஐயா காதாலேயே பார்த்தார். ஒவ்வொரு கம்பியும் எதிர்க் கம்பிகள் மூன்றைத் தாண்டிப் போகிற கட்டு. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் நிப்பிள் ஏற்றினார்கள். முதலில் எல்லாம் ஒரே அளவு, கம்பியின் மரை மறைகிற வரை. பிறகு சுற்றுக்கு அரைத் திருப்பு, கால் திருப்பு என்று ஏற்றிக்கொண்டே போனார்கள். கோட்டம் எடுப்பது எல்லாம் நடுநடுவே கொஞ்சம் கொஞ்சம்தான், நான் நினைத்தது போல அதுவே வேலை இல்லை.

இறுகிய பிறகு ஒரு காரியம் செய்தார்கள், அதை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. மகன் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தில் ஒன்றையொட்டி ஒன்று போகிற இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் நசுக்கினார். சக்கரம் முழுக்க, ஜோடி ஜோடியாக. முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் கிணுங் கிணுங் என்று சத்தம் போட்டு நேராயின. கழுத்து ஹப்பில் சரியாகப் படிந்து உட்காரவும், வளைத்த இடத்தில் உள்ளே தங்கியிருக்கிற இறுக்கம் போகவும் இதுதான் வழியாம். செய்ததும் சக்கரம் மறுபடி லேசாகக் கோணியது, மறுபடி எடுத்தார்கள், மறுபடி நசுக்கினார்கள். நசுக்கியும் கோணாமல் நிற்கிற வரைக்கும் நான்கு தடவை. ஐயா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக் கேட்டார். பதினொன்றாவது கம்பியில் நிறுத்தி, "இது தூங்குகிறது" என்றார். கால் திருப்பு கொடுத்ததும் அடுத்ததற்குப் போனார். இடையில் மருமகள் மொஹிங்கா கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போகிற வரை யாரும் தொடவில்லை.

போன சனிக்கிழமை அதே பதினைந்து வீசை, ஆறு வீசை முன்னால், ஒன்பது பின்னால், அதே லேகு ரோடு, பெகு போய்த் திரும்பினேன். முதல் ஒரு மைல் இரண்டு மூன்று டிங் கேட்டது, நெஞ்சு நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் ஒன்றும் முறியவில்லை.


சைக்கா வாத்தியார்:

அது மிச்சமிருந்த முறுக்கு அவிழ்கிற சத்தம். முதல் நாளோடு போய்விடும். மறுபடி ஒருதடவை சுண்டிப் பார், ஒரு பக்கத்துக் கம்பி எல்லாம் ஒரே சுருதியில் இருந்தால் சாவியைத் தொடாதே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிப்பிள் சாவி கையில் இருந்தால் சும்மா இருக்கத் தெரிவதில்லை.


பீலிக்கான் பேரன்:

தொடவில்லை ஐயா, சத்தியமாக. வழிக்கு எத்தனை கம்பி எடுத்துப் போகட்டும்? வலப்பக்கம் முறிந்தால் கேசட்டைக் கழற்றுவது எப்படி?


உப்புக்காற்று:

நீளத்துக்கு இரண்டு வீதம், முன், பின்வலம், பின்இடம் என்று ஆறு. சங்கிலிக்குப் பக்கத்தில் போகிற சட்டக்குழாயில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், வலப்பக்கத்துக்கு உரியதில் சிவப்பு நூல் கட்டுங்கள், இருட்டில் தேடும்போது தெரியும். கேசட்டின் பூட்டு வளையத்துக்கு உரிய சாவியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், அது சின்னதுதான், அதைத் திருப்புகிற பெரிய ஸ்பேனர் எந்த லாரி டிரைவரிடமும் இருக்கும். பல்லைப் பிடித்துக்கொள்ள ஒரு பழைய சங்கிலித் துண்டு வேண்டும், அதை மறந்துவிட்டு நான் லுங்கியைச் சுற்றிப் பிடித்தேன், லுங்கி போயிற்று. மோல்மேன் பாலம் ஏறும்போது எழுதுங்கள். மூன்றரைக் கிலோமீட்டர், பக்கக் காற்று அடிக்கும், முன்பைகளை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் இறங்கியதும் எங்கள் வீடு கால் மணி நேரம்தான், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.


பீலிக்கான் பேரன்:

கட்டாயம் அக்கா. அந்த முரட்டுப் பல் டயர் இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் எனக்கு எடுத்து வையுங்கள், உர்ர் என்று கத்தினாலும் பரவாயில்லை.


உப்புக்காற்று:

இருக்கிறது, கோழிக்கூண்டின் மேல். 559-தான், துடைத்துப் பார்த்துவிட்டேன்.